ஜெபம் பண்ணியும் தூக்கம் வரலையே அக்கா!

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்கின்றன. விசுவாசம் இருக்கிறது, சபைக்குப் போகிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனால் மனசு மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். சபையில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். பக்கத்தில் உட்காருகிறவரும் எழுதியிருக்கலாம், யார் கண்டது!

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் படுப்பேன். படுத்த பத்தாவது நிமிஷம் நாளைக்கு மேலதிகாரி என்ன கேட்பார், வீட்டுக் கடன், பையன் படிப்பு என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். கவலைப்படாதே என்று வேதம் சொல்லுது, நான் கவலைப்படுகிறேன். அப்போ கீழ்ப்படியவில்லையே என்று அது ஒரு கவலை. நான் விசுவாசிதானா?

தம்பி, கவலைக்கு வட்டி போட்டு அதையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். கணக்குப் பிரிவு ஆள் அல்லவா!

நீங்கள் சொல்லும் வசனம் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார், தீர்ப்பு விடுதலையா மரணமா என்று தெரியாத நிலை. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார் (11:28). கவலையே படாத மனுஷன் அவர் இல்லை. பிலிப்பியருக்கே அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க ‘கற்றுக்கொண்டேன்’ என்று எழுதுகிறார். கற்றுக்கொண்டார் என்றால் ஒரு காலத்தில் தெரியாமல் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர் அதைச் சொல்லும்போது விசுவாசத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் பத்தாவது நிமிஷத்தில் தோற்றுவிட்டோம் என்று முடிவு கட்டுகிறீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கவலைப்படாமல் இருங்கள் என்பதோடு அந்த வாக்கியம் முடியவில்லை. எல்லாவற்றையும் ஸ்தோத்திரத்தோடே தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று தொடர்கிறது, அப்புறம்தான் தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் ‘காத்துக்கொள்ளும்’ என்று வருகிறது. மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது படைவீரர்கள் காவல் நிற்பதைக் குறிக்கும் சொல். பிலிப்பி பட்டணம் ஓய்வு பெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர், கேட்ட உடனே அவர்களுக்குப் புரிந்திருக்கும். வாசலில் காவல் போட்டால் வெளியே சத்தமே இருக்காது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சத்தம் இருக்கும். உள்ளே வராது, அவ்வளவுதான். தலைக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் போனால்தான் சமாதானம் என்று நீங்கள் எதிர்பார்ப்பதால்தான், வெளியே நாய் குரைத்தால்கூட காவல்காரன் ஓடிப்போய்விட்டான் என்று பயப்படுகிறீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் வார்டு மொத்தமும் கூடவே கட்டிலுக்கு வரும். மூன்றாம் படுக்கைக்கு மருந்து எழுதினேனா, அந்தப் பெரியவரின் மகன் வந்தாரா என்று ஓடும். பணியை ஒப்படைக்கும்போது நாங்கள் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். அடுத்து வருகிற நர்ஸ் அதை வாங்கிப் படித்து, சரி நீ கிளம்பு என்று சொல்லுவாள். ஒருநாள் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் தோன்றியது, அவளிடம் ஒப்படைக்க நோட்டு இருக்கிறது, கர்த்தரிடம் ஒப்படைக்க ஏன் இல்லை? அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டு தலைமாட்டில். நாளைக்கு உள்ளதை ஒவ்வொரு வரியாக எழுதுவேன், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு அவரிடம் சொல்லுவேன், நோட்டை மூடிவிடுவேன். சில ராத்திரி மறுபடி திறந்ததும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ‘எல்லாவற்றையும் உம்மிடம் ஒப்படைக்கிறேன் ஆண்டவரே’ என்று மொத்தமாகச் சொல்லும் ஜெபத்தைவிட, ‘வியாழக்கிழமை மீட்டிங்’ என்று பெயர் சொல்லிக் கொடுக்கும் ஜெபம் கையை விட்டுப் போகிறது. மொத்தமாகக் கொடுக்கிறோம் என்று சொல்லும்போது பெரும்பாலும் ஒன்றையும் கொடுக்கிறதில்லை. அப்புறம், போனை அடுத்த அறையில் வையுங்கள். வேத வசனம் அதில்தான் வாசிக்கிறேன் என்று சொல்லாதீர்கள், அடுத்த நிமிஷம் ஆபீஸ் குழுவில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிற அதே போன்தான் அது.

வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதை உங்களுக்குத் தெரியும், யாத்திராகமம் 16. ஆளுக்கு ஒரு ஓமர், அன்றைக்கு மட்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்களுடையது காலையில் புழு பிடித்து நாறியது. நாளையைச் சேர்த்து வைக்கிற ராத்திரிகளில் எனக்கு அந்த நாற்றம்தான் ஞாபகம் வரும். ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்’ என்று இயேசு சொன்னபோது நாளைக்குப் பாடே இருக்காது என்று சொல்லவில்லை. மீட்டிங் வியாழக்கிழமை இருக்கத்தான் போகிறது. அதை வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கு மனசு அமைதியாகிறது. ஆனால் என் தோழி, அது அஞ்ஞானிகள் மாதிரி வீண்வார்த்தை அலப்புவது, இயேசுவே வேண்டாம் என்றிருக்கிறார் என்கிறாள்.

மத்தேயு 6:7-ஐச் சொல்கிறார் தோழி. அங்கே இயேசு கண்டிப்பது, அதிக வசனிப்பினால்தான் தேவன் கேட்பார் என்ற நினைப்பை. கெத்செமனேயில் அவரே மூன்றாம் தரமும் ‘அந்த வார்த்தைகளையே’ சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயுதான் எழுதியிருக்கிறார் (26:44). 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26-லும் அவர் கிருபை என்றுமுள்ளது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ‘கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவ குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்’ என்ற ஒற்றை வரியை மூச்சோடு சேர்த்து நாள் முழுக்கச் சொல்லும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. குழந்தை அம்மா அம்மா என்று நூறு தடவை கூப்பிடுகிறது, அலப்புகிறது என்றா சொல்கிறோம்? சொல்லுங்கள் தங்கச்சி. தோழியோடு மட்டும் வாதம் வேண்டாம், கிடைத்த அமைதி அதில் போய்விடும்.

கேள்வி: வேலைக்கும் போகிறேன், ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம், போதாததற்கு வீட்டு ஜெபக் கூட்டம். முடியவில்லை அக்கா. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, ஊழியத்தை மறுத்தால் பாவம் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது.

ஓய்வுக்கு என்று கொடுக்கப்பட்ட நாளைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். இதைத் தட்டச்சு செய்தபோது நீங்களே ஒரு நிமிஷம் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுக்க வாசலில் கூடி, இயேசு அநேகரைச் சுகமாக்குகிறார். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்கிறான். நாமாக இருந்தால் பதறி எழுந்து ஓடியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்று கிளம்பிவிடுகிறார்! வாசலில் காத்திருந்தவர்களில் வியாதிக்காரர் இருந்திருப்பார்கள், அவர்கள் தேவை பொய்யில்லை. ஆனாலும் எல்லாருடைய தேவையும் தனக்கு வந்த கட்டளை என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தேவகுமாரனே முடியாது என்று சொல்லியிருக்கிற இடத்தில் பெண்கள் ஐக்கியத்துக்கு நீங்கள் சொல்லக் கூடாதா?

மோசேயின் மாமனார் எத்திரோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருமகன் காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்ப்பதைப் பார்க்கிறார். எவ்வளவு பெரிய ஊழியம் என்று மெச்சவில்லை. ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று நேரே சொல்லி, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார் (யாத்திராகமம் 18). ஜனங்களும் என்று அவர் சேர்த்துக்கொண்டதைக் கவனியுங்கள். களைத்துப் போன டீச்சரிடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்? இயேசு அன்பானவர் என்று சொல்லும்போதே முகம் கடுகடுவென்று இருக்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன், என் முகத்தை ஒரு சின்னப் பிள்ளை அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறது.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் சொல்லும் காரணம் தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-இல் காரணம் மாறுகிறது, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறது. அடிமைக்குத்தான் ஓய்வு கிடையாது, நீ இப்போது அடிமை இல்லை, உன் வேலைக்காரனும் உன்னைப் போல இளைப்பாறட்டும். ஓய்வெடுப்பது இங்கே சோம்பேறித்தனம் இல்லை, விடுதலைக்கு அடையாளம். நீங்கள் சபைக்குள்ளேயே செங்கல் அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கைமாற்றிக் கொடுங்கள். போதகரிடம் பேசும்போது நீளமாகக் காரணம் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு தருவார். ‘இந்த வருஷம் ஞாயிறு பள்ளி மட்டும் செய்கிறேன் ஐயா’ போதும். நாலு பேர் முணுமுணுப்பார்கள். இரண்டு மாதத்தில் உங்கள் இடத்தில் வேறு யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். அந்த வலிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் நேர்மையாகப் பாருங்கள், நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற நினைப்பு எனக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

கேள்வி: எளிமையாக வாழ ஆசைப்பட்டு நிறைய வீடியோ பார்த்தேன். பாதிப் பொருளைக் கொடுத்துவிட்டேன், மீதியை அடுக்கப் புதிய பெட்டிகள் வாங்கினேன். ஆனால் நிம்மதி வரவில்லை. இயேசு சொன்னபடி எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா?

பெட்டி வாங்கியதையும் மறைக்காமல் எழுதினீர்களே தம்பி, அதற்காகவே உங்கள் கடிதத்தை எடுத்தேன்.

எல்லாவற்றையும் விற்றவர்கள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோணியார் என்ற இளைஞர் ஆலயத்தில் அந்த வசனம் வாசிக்கப்படக் கேட்டு, தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு அப்படியே செய்தார். அது அவருக்கு வந்த அழைப்பு. உங்களுக்கு நான் காட்ட நினைப்பது வேறொருவரை. ஜான் உல்மன், 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த குவேக்கர் (எளிமையை வலியுறுத்தும் ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்), தையல்காரர், கூடவே சின்னதாகச் சில்லறை வியாபாரமும். வியாபாரம் நன்றாக வளர்ந்தது, அதுதான் அவருக்குப் பிரச்சினையாகப் போயிற்று! மனசு இதிலேயே மாட்டிக்கொள்கிறது என்று உறுத்த, 1756-வாக்கில், இனி வேறு கடைக்குப் போங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் படிப்படியாகச் சில்லறை வியாபாரத்தை விட்டுவிட்டார். தையலை வைத்துக்கொண்டார், குடும்பத்துக்கு அது போதும். நஷ்டத்தில் கடையை மூடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, லாபத்தில் மூடியவரை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

மிச்சமான நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ஊர் ஊராகப் போய், அடிமைகளை வைத்திருந்த சக குவேக்கர்களின் வீட்டில் உட்கார்ந்து, சண்டை போடாமல், அவர்களை விடுதலை செய்யும்படி ஒவ்வொருவராகக் கேட்டார். அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்று சர்க்கரையை விட்டார். சாயம் போடாத துணி உடுத்தினார், பார்க்க விசித்திரமாக இருந்தது என்று மற்றவர்கள் சங்கடப்பட்டார்கள். 1772-இல் இங்கிலாந்தில் அம்மை கண்டு இறக்கும் வரை அப்படித்தான் இருந்தார். அவருடைய எளிமை யாருக்காகவோ இருந்தது. நீங்கள் பார்த்த வீடியோக்களில் அலமாரி சுத்தமாகிறது, அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று காட்டுவதே இல்லை.

நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவர், தரித்திரமும் வேண்டாம் ஐசுவரியமும் வேண்டாம், என் படியை அளந்து கொடு என்று கேட்கிறார். வேதத்தில் இருக்கும் ஜெபங்களிலேயே நாம் யாரும் பண்ணாத ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். பெட்டிகளை விடுங்கள். மாதக் கடைசியில் பணமும் நேரமும் எங்கே போயிற்று என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எதைக் குறைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு குறைக்க மனசு வராது, அங்கேதான் ஜெபம் தேவைப்படும்.

கேள்வி: இரண்டு மாதமாகக் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, உபவாசம் போதும், மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் என்று ஜெபக் குழுவில் சொல்லிவிட்டார்கள்.

பாருங்கள். இந்த வாரமே பாருங்கள். செத்துப் போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருந்தால், இந்த வாரம்கூட இல்லை, இன்றைக்கே, கூட இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த கையோடு, யேசபேலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொல்லி, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். கர்த்தர் அவரோடு பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கும் 40 நாள் கழித்து ஓரேபில்தான் கேட்டது. முதலில் உடம்பு. உங்களைச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னவர்கள் இந்த அதிகாரத்தை எந்த வரியில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, எனக்குக் கோபம்தான் வருகிறது.

பவுலோடு பயணம் செய்த லூக்காவை ‘பிரியமான வைத்தியன்’ என்கிறது வேதம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவரை உங்கள் குழுவில் யாரும் அவிசுவாசி என்று சொல்லியிருக்க மாட்டார்கள், மூளையும் உடம்பில்தானே இருக்கிறது? வார்டில் நான் பார்த்தவரை, சரியான சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில், ‘சிஸ்டர், இன்றைக்கு ஜெபிக்க முடிந்தது’ என்று சொன்னவர்கள் உண்டு. அதுவரை வேதம் ஓடவில்லை என்றால் விடுங்கள், உங்களுக்காக இன்னொருவர் வாசிக்கட்டும். ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 88-ஆம் சங்கீதம். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் முடிவில் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரும், இது வராது, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆராதனையில் எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு ஒன்றும் வருவதில்லை.

வராவிட்டால் என்ன? அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2007-இல் வெளிவந்தபோது, தேவ பிரசன்னத்தை உணராமலேயே பல பத்தாண்டுகள் அவர் வேலை செய்திருக்கிறார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. காலையில் எழுந்து போய்க்கொண்டேதான் இருந்தார். கண்ணீரை அளக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா இரண்டு வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு தனியா ஜெபிக்க ஐந்து நிமிஷம் கூடக் கிடைக்கலை கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் இப்போ இரு இரு வரேன் அதைத் தொடாதே தேவனை விட்டு தூரமா போயிட்ட மாதிரி இருக்கு

போனில் பேசிப் பதிவு செய்த கடிதம் போல. நடுவில் வந்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்னாள் படைவீரர், காலில் காயம். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை, அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. பல வருஷம் அங்கேதான், பிறகு செருப்புத் தைக்கும் வேலை. அந்தப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே தேவனோடு பேசிப் பழகி, கடைசியில் ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தனக்கு வித்தியாசம் இல்லை என்று சொல்லும் அளவுக்கு வந்தார். ஒரே நாளில் வரவில்லை. ஆரம்ப வருஷங்கள் பெரும் போராட்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார், இடையில் மறந்துவிட்டால் தன்னை நொந்துகொள்ளாமல் மறுபடி திரும்பிக்கொள்வாராம்.

அந்த ஒரு மணி நேரம் இன்னும் சில வருஷத்துக்குக் கிடைக்காது தங்கச்சி, அதைத் தேடி அழ வேண்டாம். ‘அதைத் தொடாதே’ என்று ஓடினீர்களே, ஓடும்போதே ‘கர்த்தாவே’ என்று ஒரு வார்த்தை. திரும்பி வரும்போது இன்னொன்று. குழந்தை எதைத் தொட்டது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்தாக வேண்டும்.